தப்பிலும் எனக்கு முந்திய பாவாவுக்கு

என் ஆசைக்கும் எரிச்சலுக்கும் உரிய பாவா,

அக்காவைத் தனியே விட்டு நீங்கள் போய் நான்கு வருஷமாகிறது. யுத்தத்துக்குப் போன உங்கள் கப்பல் திரும்பவில்லை, கடலில் மூழ்கியதென்று தந்திதான் வந்தது. செத்தவர்மேல் பொறாமைப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அந்த நல்ல புத்தி இன்னும் வரவில்லை.

சேதி சொல்கிறேன். முப்பத்தாறு வயதில் நானும் சாரங்கு பரீட்சைக்குப் படித்தேன். சிரிக்காதீர்கள். துறைமுகத்தில் லாஞ்சுப் படகு ஓட்டும் தலைவனுக்குச் சாரங்கு என்று பெயர் என்பதே உங்களால்தான் எனக்குத் தெரியும். அந்தப் பரீட்சையில் தேறி, வெள்ளைத் தொப்பியோடு நீங்கள் திருத்தணி ஸ்டேஷனில் இறங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் நைனா மருமகனுக்கு நாற்காலி போட்டார். அவரோடு கண்டிகை நிலத்தில் ஏர் பிடித்த பிள்ளை நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் போனபின் சென்னைத் துறைமுகத்தில் லாஞ்சில் கயிறு பிடிக்கும் வேலையில் சேர்ந்தேன். உங்கள் இடத்தைப் பிடிக்கத்தான். மறைப்பானேன்?

பரீட்சை அதிகாரி மேஜைமேல் இரண்டு படகுப் பொம்மைகளை எதிரெதிரே வைத்தார். எதிரே லாஞ்சு நேராக வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவாய் என்று கேட்டார். யோசிக்காமல் என் பொம்மையை இடப்பக்கம் ஒதுக்கினேன்.

"ஏன்யா அந்தப் பக்கம் போற?"

"எதிர்ல இருக்கறத வலக்கைப் பக்கம் வச்சிகினுதானங்க போவணும்? சாமிய அப்டித்தான சுத்துவோம்."

"இது தண்ணியா, திருத்தணி பிராகாரமா? ரெண்டு பேரும் வலப்பக்கம் ஒதுங்கணும். அடுத்த தபா வா."

மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு வேறு எப்படிக் கை போகும்? தலை குனிந்து ஊருக்கு வந்தேன். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நீ பரவால்ல தம்பி. உங்க பாவாவும் இதே தப்பத்தான் பண்ணாரு. ரெண்டு தபா! யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகினாரு."

வயிறு எரிந்தது பாவா. தப்பிலும் எனக்கு முன்னால் போய்விட்டீர்களே! ஒரே தடவையில் தேறினேன் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். அந்தப் பொய்யை நம்பி எத்தனை வருஷம் என்னை நானே மட்டமாக நினைத்திருந்தேன்! ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். நீங்கள் இரண்டு முறை தவறியவர், நான் ஒரு முறைதானே?

அதற்குப் பிறகு லீவுக்கு வந்தபோதெல்லாம் மலைப்படி ஏறினேன். எதிரே இறங்குகிறவர்கள் எல்லாரும் எனக்கு லாஞ்சுகள்தான். ஆளைக் கண்டதும் சட்டென்று வலப்பக்கம் ஒதுங்குவேன். பொதட்டூர்பேட்டைக்காரர் ஒருவர்மேல் இடித்துவிட்டு, "கண்ணு தெர்ல?" என்று வாங்கியும் கட்டிக்கொண்டேன்.

அடுத்த முறை தேறினேன். சாரங்காக லாஞ்சு ஓட்டிய முதல் நாள் எதிரே பெரிய இழுவைப் படகு வந்தது. கை தானாகச் சுக்கானை வலப்பக்கம் திருப்பியது. நானா இது என்று எனக்கே ஆச்சரியம்.

நைனா என்ன சொன்னார் தெரியுமா? "அவன் இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்படுவான்." அவ்வளவுதான். உயிரோடு இருந்தால் உங்களோடு மல்லுக்கு நிற்கலாம். இப்போது யாரோடு நிற்பது?

அக்கா மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "தம்பி, என்ன ஒரு தபா கடல்ல இட்டுகினு போறியா? நானும் அவர்கிட்ட கேட்டுகினே இருந்தேன். அடுத்த தபா, அடுத்த தபான்னே போய்ட்டாரு."

அப்பாடா, நீங்கள் செய்யாத ஒன்று எனக்குக் கிடைத்தது என்று மனம் துள்ளியது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வரப்போவது என் லாஞ்சைப் பார்க்க அல்ல, உங்களைப் பார்க்க.

இருக்கட்டும். தை பிறந்ததும் அழைத்து வருகிறேன். கரை மறைகிற இடம்வரை போய் இன்ஜினை நிறுத்துவேன். அக்கா உங்களோடு பேசி முடிக்கும்வரை நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் வயிற்றெரிச்சல்கார மச்சினன்,
தணிகாசலம்