பங்களா நாக்கு

1951 செப்டம்பர் 3

துரை சீமைக்கே போகிறார். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் ரோட்டில் எஸ்டேட் லாரியைச் சுட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. துரைசாணியம்மா போன வருடமே கப்பலேறிவிட்டார். ஜனவரியில் வரும் புதுத் துரை தன் சமையல்காரனைக் கூட்டி வருகிறாராம். "லியோனார்ட், வேற வேலை பாரு" என்றார். இருபது வருடக் குசினி! இந்த வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டவா போவேன்? மாட்டேன். சுங்கைப் பட்டாணி டவுனில் சாப்பாட்டுக் கடை போடுவேன்.

செப்டம்பர் 9

மாதா கோயிலில் பூசை முடிந்து ஹபீப் முகம்மதைப் பார்த்தேன். பங்களாவுக்கு மளிகை அனுப்புகிறவர். கடையில் பாதியை எனக்கு விடத் தயார். ஆனால், "அண்ணே, ஒரு நாள் ஆக்கிப் போடுங்க, நம்ம ஆளுங்க சாப்பிட்டுட்டுச் சொல்லட்டும்லா. சட்டி மட்டும் புதுசா இருக்கணும். பங்களாவுல பன்றி பொரிச்ச சட்டி வேணாம்" என்றார். ஆக்கி எடுத்துப் போகவும் வழியில்லை. ஒரு பிடி சோறு இருந்தாலும் காட்டுக்காரர்களுக்கா என்று கேட்டிலேயே போலீஸ்காரன் பிடித்துக்கொள்வான். அங்கே போய்த்தான் ஆக்க வேண்டும்.

செப்டம்பர் 16

மானம் போச்சு. ஆட்டுக்கறி ஆக்கினேன். ஹபீப் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். லாரி ஓட்டுகிற மனோகரன் கேட்டே விட்டான்: "அண்ணே, இங்க யாருக்காச்சும் காய்ச்சலா?" எல்லாரும் சிரித்தார்கள். ருசி பார்த்துத்தானே இறக்கினேன்? சரியாத்தானே இருந்துச்சு! — ஆமாம், துரைக்குச் சரி. என் நாக்கு அவர் நாக்காகப் போயிருக்கிறது. சே!

"அடுத்த மாசம் இன்னொரு தடவை பாப்போம்ணே" என்றார் ஹபீப். அதுவும் சரிப்படாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு.

செப்டம்பர் 17

பெண்சாதி கேதரின் இருந்தவரை இந்த வினை இல்லை. பங்களாவில் ஸ்டூ, கஸ்டர்ட் எல்லாம் முடித்து லயத்து வீட்டுக்கு வந்தால் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். உறைப்பில் மூக்கு ஒழுகும். "போதும்டி" என்பேன். இன்னொரு கரண்டி ஊற்றுவாள். அவள் செத்த பிறகு லயத்தில் அடுப்பே மூட்டவில்லை. துரைக்கு ஆக்கியதில் மிஞ்சியதுதான் எனக்கும். அந்தக் குழம்பை நினைத்தால் வாய் ஊறுகிறது. அழுகையும் வருகிறது.

செப்டம்பர் 30

பாக்கார் ஆராங்கில் கேதரினின் தங்கை பேட்ரிசியா வீட்டுக்குப் போனேன். அக்கா கைப்பக்குவம் அவளுக்கு அப்படியே இருக்கிறது. அம்மியில் மிளகாய் அரைத்தபடியே திட்டினாள். "மச்சான், இது கறியா, கைக்குழந்தைக்குக் கஞ்சியா? இன்னும் போடுங்க!" கேதரினே திட்டுவது போல இருந்தது. தின்ற காரத்தில் வயிறு எரிகிறது.

அக்டோபர் 11

பகலில் துரைக்கு ஸ்டூ. லயத்தில் எனக்குக் கருவாட்டுக் குழம்பு. மூக்கு ஒழுகுகிறது. நல்லது.

அக்டோபர் 21

ஹபீப் மறுசோறு கேட்டு வாங்கினார். மனோகரன் விரலை நக்கிக்கொண்டிருந்தான். இடம் எனக்கே! ஜனவரியில் கடை. கேதரின், கேட்டியாடி?

நவம்பர் 12

ரொட்டி சுட்டேன். முன்பெல்லாம் இந்த வாசனைக்குத் துரைசாணியம்மா விசிலடித்துக்கொண்டே குசினிக்கு வந்துவிடுவார். சூட்டோடு பிய்த்து, வெண்ணெய் தடவி, எனக்கும் ஒரு துண்டு நீட்டுவார். அப்போது பங்களாவைச் சுற்றி முள்கம்பி இல்லை, துப்பாக்கிக்காரன் இல்லை. நல்ல காலம் அது. இந்தக் குசினியை விட்டுப் போக மனசே வரவில்லை. என்ன செய்ய?

டிசம்பர் 28

துரை சாயங்காலம் பினாங்குக்குப் புறப்பட்டார். மத்தியானம், "கடைசியா உன் ஸ்டூ வை, லியோனார்ட்" என்றார். பார்த்துப் பார்த்து வைத்தேன். மிளகாயைத் தொடவே இல்லை, மிளகு மட்டும்தான். ருசி பார்த்தேன். துரை நாக்குக்குச் சரியாகவே பட்டது.

ஒரு வாய்தான் சாப்பிட்டார். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஒரு கிளாஸ் தண்ணீரையும் மடமடவென்று குடித்தார். "என்ன லியோனார்ட், இவ்வளவு காரம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்குப் பாவமாகிவிட்டது. ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்தேன், சாப்பிட்டார்.

அவர் மிச்சம் வைத்த ஸ்டூவைக் குசினியில் நின்றபடி நான் சாப்பிட்டேன். உப்புச்சப்பில்லாமல் இருந்தது.