காதில் விழுவதும் காது கொடுப்பதும்

ரெஜ்ஜோ எமிலியா
அக்டோபர் 4, 1994

அன்புள்ள யோஸ்ட்,

கெண்ட் நகருக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இங்கே வீடு சரியாக இல்லை. அண்ணன் ஒலிந்தோ இன்னும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

கிடங்கில் அவர் சீஸ் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போது எங்கள் ஊரில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். உள்ளே ஓட்டை விழுந்திருந்தால் அந்தச் சத்தத்தில்தான் தெரியும். நீங்களோ அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்கள் மொழியில் ‘செந்தீரே’வுக்கும் ‘அஸ்கொல்தாரே’வுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டீர்கள். நானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல ஆரம்பித்தேன். சுத்தியலை வைத்துவிட்டுப் போனவர்தான். “உன் ஆளு இந்த வீட்டுக்கு வந்தா நான் தனியாச் சமைச்சுக்கறேன்” என்கிறார்.

பாதியில் நின்ற பதிலை முடித்துவிடுகிறேன். முதலாவது, காதில் தானாக விழுவது. வாசனை, குளிர், வலி எல்லாம் தெரிவதற்கும் அதே சொல்தான். இரண்டாவது, நாமாகக் காது கொடுப்பது. சந்தை இரைச்சல் முதல் வகை. விலையைச் சொன்னதும் வாங்க வந்தவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று கவனிப்பது இரண்டாம் வகை. நான் பிழைத்தது இரண்டாவதால்.

கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களைப் பிடித்திருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நான் தள்ளுவண்டியில் சீஸ் விற்ற நாளிலிருந்து கூட நின்றவர் அண்ணன். எங்களுக்கு ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவரை ஒதுக்கிவிட்டுச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

நீவெஸ்

கெண்ட்
அக்டோபர் 13, 1994

பிரியமுள்ள நீவெஸுக்கு,

நான் செய்தது தப்பு. இந்த வரியை ஒலிந்தோவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று உங்களுக்கு மட்டும். அந்த இரண்டு சொல்லும் எனக்கு முன்பே தெரியும். ‘வெதேரே’ கண்ணில் படுவது, ‘குவார்தாரே’ நின்று பார்ப்பது. அதையும் முன்பு ஒருநாள் தெரிந்தேதான் உங்களிடம் கேட்டேன். மனைவி தவறிப்போன பிறகு இந்த வீட்டில் பேசுவது வானொலி மட்டும்தான். நீங்கள் பேச ஆரம்பித்தால், எங்கே நிறுத்திவிடுவீர்களோ என்று அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருப்பேன்.

அடுத்த மாதம் வரட்டுமா? கிடங்கில் ஒரு நாள் முழுக்க நிற்கிறேன். நானாக வாய் திறந்தால் அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
யோஸ்ட்

ரெஜ்ஜோ எமிலியா
நவம்பர் 22, 1994

என் யோஸ்டுக்கு,

அந்தக் கிடங்குக் குளிரில், தும்மலைக்கூடக் கழுத்துத் துணியில் அடக்கிக்கொண்டு நின்றீர்களே, ஜலதோஷம் பிடிக்காமல் இருக்கிறீர்களா?

ஒரு சக்கரத்தைத் தட்டிவிட்டு அண்ணன் உங்களிடம் “இது தேறுமா?” என்று கேட்டாரே, அது சோதனை. வாங்க வருகிற எல்லாரிடமும் கேட்பார். எல்லாரும் தெரிந்த மாதிரி எதையாவது சொல்லி மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் “எனக்குத் தெரியல. இன்னொரு தடவ தட்டுங்க” என்றீர்கள். அப்போது அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நேற்று நீங்கள் ரயில் ஏறிய பிறகு, தானாக வந்து மேசையில் உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

“தெரியலன்னு சொல்ற மனுசன்கூட ஒரே மேசையில உக்காரலாம். வரச் சொல்லு.”

ஆகவே, சம்மதம். இதை இன்னொரு முறை எழுத மாட்டேன், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள். முந்தின நாள் மாவைத் துண்டு போட்டு, உள்ளே இறைச்சி வைத்து, குட்டித் தொப்பிகளாக மடிக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை ஆகும். அண்ணன் வாயே திறக்காமல் மடிப்பார். எனக்குப் பொழுதே போகாது. கேட்க வேண்டியதையெல்லாம் அன்றைக்குக் கேளுங்கள், தெரிந்ததையும் சேர்த்து.

உங்கள்,
நீவெஸ்