கப்பல்காரர் வம்சம்

ஆவூர்,
3-11-1954

ஆண்டவர் காவலில் இருக்கும் மகள் அமலராணிக்கு, அப்பா சூசைமாணிக்கம் எழுதுவது. இங்கே நல்ல மழை, மற்றபடி சுகம்.

உனக்கு நாகப்பட்டினத்தில் டீச்சர் வேலை கிடைத்தது தெய்வ சித்தம். அந்தத் துறையில் கப்பலிலிருந்து இறங்கிய பறங்கி வியாபாரிக்கு நாம் நேர் வாரிசு என்பது ஊரறிந்த விஷயம். அவர் மகன் ராயப்பன் முதல் நம் பாட்டன்மார் பெயரெல்லாம் தெரியும், அவர் பெயர் மட்டும்தான் ஒருவருக்கும் தெரியாது.

வல்லத்திராக்கோட்டை அருளம்மாள் தன் மகன் லூர்துநாதனுக்கு உன்னைக் கேட்டு மூன்றாம் முறையும் வந்துபோனாள். பையன் நல்லவன்தான். உனக்கும் சம்மதம் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் நம் வம்சம் இன்னதென்று ருசுவாகாமல் பெண் கொடுப்பது முறையில்லை. அங்குள்ள பழைய கோவிலில் ஞானஸ்நானப் புத்தகம் இருக்கும். பெயரைக் கண்டுபிடி, அன்றே அவர்களுக்குப் பதில் சொல்கிறேன். சனிக்கிழமை உனக்குப் பள்ளிக்கூடம் இல்லையே.

அப்பா

நாகப்பட்டினம்,
22-1-1955

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்துச் சனிக்கிழமை புத்தகத் தூசியில் தும்மியதற்குப் பலன் கிடைத்தது. பழைய ஏட்டைப் பார்த்து யாரோ எழுதிவைத்த பிரதியில் நம் முதல் பாட்டனார் இருக்கிறார்: ராயப்பன், வயது எட்டு. அதே வரியில் ‘மனுவேல் பெரைரா, வியாபாரி’ என்றிருக்கிறது. மீதி போர்த்துகீசிய மொழி. படிக்கத் தெரிந்த சுவாமியார் காரைக்கால் போயிருக்கிறார். அவர் வந்து படித்துச் சொல்லும் வரை தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்.

சொன்ன சொல்லை மறக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அமலராணி

ஆவூர்,
31-1-1955

மகளே,

யாரிடமும் சொல்லவில்லை. உபதேசியார் பங்கிராஸிடம் மட்டும் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். “அப்ப வாத்தியாரய்யாவுக்கு இனிமே தமிழ்ல பேசுனாப் புரியுமா?” என்று என்னை ஒரு கேலி வேறு. பொறாமை. ஆனால் மற்றவர்கள் எனக்குக் கோவிலில் நாற்காலி போட்டார்கள்.

மறுநாளே அருளம்மாள் வந்தாள். “பெரைரா தொரை வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுல வந்து கேப்பக்களி கிண்டுமாங்க? நாங்க கேட்டதே தப்புங்கய்யா. கீரமங்கலத்துல எங்க அண்ணன் மக இருக்கா, அது போதும் எங்க ஒசரத்துக்கு” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். வருகிற ஞாயிறு முதல் அவர்கள் கோவிலில் அந்தக் கல்யாணத்துக்கு ஓலை வாசித்து அறிவிக்கிறார்களாம். வம்சம் துலங்கும்போது இப்படிச் சில சங்கடங்கள் வரும். வருத்தப்படாதே.

அப்பா

நாகப்பட்டினம்,
5-2-1955

அப்பா,

சுவாமியார் நேற்றுத் திரும்பி வந்து படித்துச் சொன்னார். பெரைரா ராயப்பனுக்குத் தகப்பன் அல்ல, ஞானஸ்நானத்துக்குப் பொறுப்பாக நின்ற ஞானத்தகப்பன். அன்று ஒரே நாளில் பதினேழு பிள்ளைகளுக்கு அவரே ஞானத்தகப்பனாக நின்றிருக்கிறார். எல்லோரும் அவர் விலைக்கு வாங்கிய அடிமைப் பிள்ளைகள். கப்பலில் ஏற்றும் முன் ஞானஸ்நானம் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். ராயப்பனுக்குக் காய்ச்சல் கண்டதால் கரையில் விட்டுப் போய்விட்டார்கள். நாம் கப்பலில் வந்தவர்கள் அல்ல, ஏற்றாமல் விடப்பட்டவர்கள்.

எனக்கு இதில் துக்கமில்லை. அருளம்மாள் பயந்த உயரம் இப்போது இல்லை. ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். அதற்குள் நீங்கள் வல்லத்திராக்கோட்டைக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். நானே எழுதினால் பெண்ணே வலிய வந்தாள் என்பார்கள். தகப்பன்தான் போக வேண்டும்.

அமலராணி

ஆவூர்,
15-2-1955

மகளே,

உன் கடிதம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. சாவி என்னிடம்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. வெள்ளிக்கிழமை பஸ் நிற்கும் இடம்வரை போனேன். பஸ்ஸும் வந்தது. வெயில் அதிகமாக இருந்ததால் திரும்பிவிட்டேன்.

நாற்பது வருஷம் கோவிலில் தரையில் உட்கார்ந்தவன் நான். மூன்று ஞாயிறாகத்தான் நாற்காலி. நீ படித்தவள், புரிந்துகொள்வாய். வேறு புத்தகம் இருக்கலாம். இன்னும் ஒருமுறை தேடிப் பார், அம்மா.

அப்பா

நாகப்பட்டினம்,
27-2-1955

அப்பாவுக்கு,

லூர்துநாதன் கல்யாணம் திங்கட்கிழமை நடந்ததாக அறிந்தேன். ஈஸ்டர் தேருக்கு நான் ஊருக்கு வரவில்லை. பெரிய லீவுக்கும் வரமாட்டேன்.

நீங்கள் கேட்டபடி தேடினேன். அதே அலமாரியில் அடிமைகளை வாங்கிய பத்திரங்களின் பிரதி இருந்தது. சுவாமியார் படித்தார். அந்த வருஷம் பெரும் பஞ்சம். ராயப்பனைக் கோட்டை வாசலுக்கு நடத்தி வந்து பெரைராவிடம் விற்றவர் அவனைப் பெற்ற தகப்பனே. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறல் மட்டும் இருக்கிறது.

நம் வம்சத்தின் மூதாதை அவர்தான் அப்பா. இப்போது சந்தேகமே இல்லை. அவருக்காவது பஞ்சம் இருந்தது.

அமலராணி