நாலாம் லைன் பாரதியின் பாட்டு

ஆம்பூர்,
19.9.2006

பாசமுள்ள தம்பி ஜோவினுக்கு,

அக்கா ஜெஸி எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் இந்த முறை கை வரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, வேலூரில் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா நீ விட்டுப்போன தொளதொள பேண்ட்டுகளை வெட்டித் தலையணை உறை தைத்துவிட்டாள். ஒரு பேண்ட்டில் மூன்று உறை வந்தது.

போனில் சொல்லக் கூடாதா என்பாய். போன் அப்பா சட்டைப்பையில் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் முதுகுக்குப் பின்னால் நின்று படிக்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

உன் கடிதம் கிடைத்தது. கோலாலம்பூர் ரேடியோவில் பாரதியின் பாட்டைப் போட்டதாகவும், உன் தோஸ்துகள் எல்லாம் யார் இந்தப் பெண் என்று கேட்பதாகவும், அடுத்த பாட்டோடு ஒரு போட்டோவும் அனுப்பச் சொல்லியும் எழுதியிருக்கிறாய். மூன்று முறை படித்தேன். அடுத்த பாட்டு கிடையாது, ஜோவின். போட்டோவும் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

பிப்ரவரியில் நீதானே ஆரம்பித்து வைத்தாய்? ராப் பாடுகிற புதுக் குரல்களைச் சேர்த்து சிடி போடப் போகிறேன், ஊரில் யாராவது இருந்தால் தேடிப் பார் அக்கா என்று எழுதினாய். சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிற எனக்கு ராப்பைப் பற்றி என்ன தெரியும்? இருந்தாலும் தேடினேன். பஸ் ஸ்டாண்டு பின்னால் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்கிற பையன்களைக் கேட்டேன். மூன்று பேர் கேசட் கொடுத்தார்கள். மூன்றிலும் காரும் கடற்கரையும்தான். சைக்கிளுக்கே பஞ்சர் ஒட்ட வழியில்லாதவர்கள்.

பாரதி எங்கள் ஷூ கம்பெனியில் என் லைனிலேயே இருந்தாள். எனக்கு அடுத்த மெஷின். மாதனூர் பக்கத்திலிருந்து வருகிறவள், பத்தொன்பது வயது. ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டே, மெஷின் ஓடுகிற வேகத்துக்கு ஏற்ப வாயில் ஏதோ அடுக்கிக்கொண்டு போவாள். மெஷின் நின்றால் அவளும் நிற்பாள். ஒருநாள் காது கொடுத்துக் கேட்டேன்.

எங்கள் லைனில் நாற்பது பெண்களுக்கு பாத்ரூம் போக ஒரே ஒரு பாஸ், உனக்குத் தெரியும். அடித்தோலில் வட்டமாக வெட்டி, 4 என்று பெயிண்ட் அடித்து, கயிறு கட்டி சூப்பர்வைசர் மேஜையில் மாட்டியிருக்கும். அதை எடுத்தவள் திரும்பி வரும்வரை அடுத்தவள் எழுந்திருக்க முடியாது. அதைத்தான் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

நாப்பது பேருக்கு ஒத்த பாஸு,
நாலே நிமிசம், தாண்டினா ஏச்சு.
தண்ணி குடிச்சா பேஜார்டி தங்கச்சி,
தாகத்தோட தை, டார்கெட்டு பாக்கி.

ஏழு வருடமாக நானும் தண்ணீர் குடிக்காமல்தான் தைக்கிறேன். ஒருநாளும் அதை ஒரு வரியாகச் சொல்லத் தோன்றவில்லை. சிடி விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரித்தாள். இன்னாக்கா, இதெல்லாம் ஒரு பாட்டா என்றாள். நான்தான் விடவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகைக்காக எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் ஜாஸ்தி அல்லவா? அந்த நேரத்தில் நயீம் அகமது பாயின் சிடி கடைக்குப் போனோம். அவர் கம்ப்யூட்டரில் ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மசூதிக்குப் போய்விட்டார். திரும்பி வந்துதான் நிறுத்தினார். அதனால்தான் அதில் நாங்கள் சிரித்ததெல்லாம் பதிவாகியிருந்தது. அந்தச் சிரிப்பை வெட்டாமல் விட்டிருக்கிறாயே, அந்த இடம் வந்தால் பாட்டை நிறுத்திவிடுகிறேன்.

இனி என் தப்பு. சிடி அட்டைக்கு விவரம் அனுப்பு என்றாய். நான் பார்த்ததெல்லாம் நம் சபையின் கிறிஸ்துமஸ் கேசட்டுகள்தான். பாடியவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், தெரு, வேலை செய்யும் இடம் எல்லாம் அதில் போடுவோம், கன்வென்ஷன் கூட்டங்களில் பாடக் கூப்பிட நினைப்பவர்கள் கடிதம் எழுதட்டும் என்று. கடைசியில் உதவிய எல்லாருக்கும் நன்றி. அதே மாதிரி மணியான கையெழுத்தில் எழுதி அனுப்பினேன். பாரதி, தகப்பன் பெயர் அருணகிரி, அவர்கள் தெரு, எங்கள் கம்பெனி, நாலாம் லைன். நன்றி: லைன் சகோதரிகள், மற்றும் எங்கள் சூப்பர்வைசர் சூரியபிரகாஷ் அண்ணன். ராப் பாடுகிறவர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீயும் அப்படியே அச்சடித்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை.

ஜூனில் நீ அனுப்பிய இருபது சிடி வந்தது. நயீம் பாய் ஆசையாக எல்லார் போனிலும் ஏற்றிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் டீக்கடையெல்லாம் பாரதிதான். சூரியபிரகாஷ் அட்டையை வாங்கிப் பார்த்தார். நன்றி சொன்னதை நக்கல் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பையர் வந்து கம்பெனியைப் பார்ப்பதாக இருந்தது. அவளைப் பர்சனல் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு, பாட்டில் சொன்னது அத்தனையும் பொய் என்று எழுதி வாங்கிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு எந்த ஷூ கம்பெனிக்குப் போனாலும் பெயரைக் கேட்டதும் ஆள் தேவையில்லை என்கிறார்கள்.

அவளை வெளியே அனுப்புவதற்கு முன் என்னையும் அந்த அறைக்குக் கூப்பிட்டார்கள். அட்டைக்கு எழுதிக் கொடுத்தது யார் என்றார்கள். தெரியாது சார் என்றேன். பாரதி பக்கத்திலேயே நின்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இதை நான் அம்மாவிடமும் சொல்லவில்லை, போதகரிடமும் சொல்லவில்லை.

அதைவிடக் கொடுமை அந்தப் பையன்கள். உன்னை மாதிரியே உடுத்துகிற, உன்னை மாதிரியே கையை ஆட்டுகிற பையன்கள்தான். அவள் தெருவில் நடந்தால் ஒத்த பாஸு, ஒத்த பாஸு என்று கூட்டமாகப் பாடினார்கள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கூடச் சிரித்தான். அவர்களுக்காகத்தான் பாடினாள் என்று நாம் நினைத்தோம். அவர்களோ அவளை விரட்ட ஒரு பாட்டு கிடைத்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவள் அப்பா கரும்பு வெட்டுகிறவர். படிக்கத் தெரியாதவர். யாரோ அட்டையில் அவர் பெயரைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். மூத்திரம் போறத ஊரே கேக்கப் பாடினியா, அதுல எம்பேர வேற போட்டியா என்று கேட்டாராம். அடிக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கிடந்தாராம். ஆவணி பிறந்ததும் சோளிங்கர் பக்கத்தில் மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவனுக்குப் பத்து வயது.

முந்தாநாள் ஞாயிறு, ஆராதனைக்குப் போகாமல் காட்பாடியில் பஸ் மாறி அவளைப் பார்க்கப் போனேன். உன் கடிதத்தையும் எடுத்துப் போயிருந்தேன். ரேடியோவில் வந்தது என்று கேட்டால் முகம் மலரும் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் படித்து முடிக்கும்வரை கை நிற்கவில்லை. வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, அது நான் இல்லக்கா, வேற யாரோ பாடிச்சுன்னு சொல்லிடு, அந்தப் பேர மட்டும் எடுத்துடச் சொல்லு, இங்க யாருக்கும் தெரியாது என்றாள். வாய்க்குள் இன்னும் ஏதாவது அடுக்குகிறாயா என்று கேட்டேன். இல்லக்கா என்றாள். என்மேல் ஒரு கோபம்கூடக் காட்டவில்லை. திட்டியிருந்தால் ஊர் வந்து சேரும்வரை அழாமல் வந்திருப்பேன்.

தம்பி, உன்னிடம் கேட்பது இதுதான். மீதி இருக்கிற சிடிகளின் அட்டையைக் கிழித்துவிடு. ரேடியோக்காரர்களிடம் பேச்சு எடுக்காதே. இனி யார் கேட்டாலும் பெயர் தெரியாது என்று சொல்லிவிடு. அவள் ஒருத்திக்கு மட்டும் சொந்தமானது அந்தப் பாட்டு, அதை யாருடையதும் இல்லை என்று சொல்லச் சொல்கிறேனே என்று எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அவள் பெயருக்குப் பதில் ஜெஸி என்று போடு, தகப்பன் பெயர் கிறிஸ்துராஜ் என்று போடு, நம் தெருவைப் போடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நாளைக் காலை எட்டரைக்கு நான் மெஷினில் உட்கார வேண்டும், ஜோவின். அப்பா மாத்திரை என் சம்பளத்தில்தான் வருகிறது. எழுதப் பயமாக இருக்கிறது. அதனால் எந்தப் பெயரும் வேண்டாம்.

ஜெபிக்கும்போது வீட்டில் எல்லார் பெயரையும் சொல்வாய் அல்லவா? என் பெயர் வருகிற இடத்தில் இனி அவள் பெயரைச் சொல். கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அக்கா,
ஜெஸி