மாடியிலிருந்து பார்த்தது

6 பிப்ரவரி 2025, வியாழன்

பூபாலனின் படகு இன்றும் என் வீட்டு கேட்டை மறித்துக்கொண்டு கிடந்தது. சுற்றுலா வருபவர்களை ஏற்றும் அவசரத்தில் அவனுக்கு வேறு இடமே கண்ணில் படுவதில்லை. மாடியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னேன். "மாடி வூட்டம்மா, கடலு இன்னா உங்க வூட்டுக் கொல்லையா?" என்றான். அவன் மனைவி ரஞ்சிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுபடியும் புகார் எழுதிப் போட்டேன். எழுத்துப் பிழை இல்லாமல்.

13 பிப்ரவரி, வியாழன்

வசுமதி படூரிலிருந்து போன் செய்தாள். அவள் பேரன் ரோஹித் சனிக்கிழமை பொத்தேரி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து இரண்டு நண்பர்களோடு மகாபலிபுரம் வருகிறானாம். மதியச் சாப்பாடு என் வீட்டில். கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் என்னிடம் "முடியுமா" என்று கேட்டதில்லை. "செய்" என்றுதான் சொல்வாள். நானும் வேறு யாரிடமும் அதைப் பொறுத்துக்கொண்டதில்லை.

"மீன் சாப்பிடுவானா?"

"எல்லாம் சாப்பிடுவான். அவன் அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே."

15 பிப்ரவரி, சனி

ரோஹித் பூபாலனின் படகிலிருந்து கடலில் விழுந்துவிட்டான். இன்னும் தேடுகிறார்கள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

தெற்கே கரை ஒதுங்கினான். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. வசுமதியைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. அவள் மகன் சம்பத் தாங்கிப் பிடித்தான். அவனை யார் பிடிப்பது? பிள்ளையைப் பறிகொடுத்தவன் அவன்தானே.

ஆறடி உயரம் ரோஹித். நேற்று என் சமையலறைக்குள் குனிந்துதான் நுழைந்தான்.

18 பிப்ரவரி, செவ்வாய்

பூபாலனைக் கைது செய்துவிட்டார்கள். அவன் லைஃப் ஜாக்கெட்டே கொடுக்கவில்லை என்று ரோஹித்தின் நண்பர்கள் இருவரும் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தேன் என்கிறான் அவன். பக்கத்தில் வேறு படகு இல்லை. மாடியில் நான் இருந்தேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு என் நினைவை யாரும் குழப்பிவிடக் கூடாது. பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுதுகிறேன்.

மூவரும் கரையிலேயே ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் ஏறினார்கள். பூபாலன் ஒவ்வொருவருக்கும் பட்டையை இழுத்துப் பார்த்தான். திரும்பி வரும்போது கடற்கரைக் கோயிலுக்கு நேரே எஞ்சினை நிறுத்தினான். படம் எடுப்பதற்காக எல்லாப் படகுக்காரர்களும் அங்கே நிறுத்துவார்கள். பையன்கள் ஜாக்கெட்டைக் கழற்றினார்கள். கோயில் பின்னால் தெரியவேண்டுமே. ரோஹித் படகின் முனையில் ஏறி, கரைக்கு முதுகு காட்டி நின்றான். பூபாலன் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமா? ரோஹித்தின் போனை வாங்கி அவனே படம் எடுத்தான். அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! கடலில் பிறந்து வளர்ந்தவன்! படகு பக்கவாட்டில் திரும்பியது. அலை ரோஹித்தைத் தூக்கிப் போட்டது. பூபாலனும் உடனே குதித்தான். போன் கடலோடு போயிற்று.

இவ்வளவுதான் பார்த்தேன். இதில் கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

வசுமதியும் சம்பத்தும் வந்தார்கள். அவள் சேலை கசங்கியிருந்தது. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"நீயே அவன் மேல எத்தனை புகார் எழுதியிருக்கே, ப்ரிசி. ஜாக்கெட் கொடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

"கொடுத்தான், வசு."

"அப்போ செத்துப்போன என் பேரன் மேலதான் தப்பு?"

"அப்படி நான் சொல்லலை."

"வேற எப்படிச் சொல்றே?"

பூபாலனே படம் எடுத்ததைச் சொன்னேன். அவள் காதில் விழவில்லை. சம்பத் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனான்.

24 பிப்ரவரி, திங்கள்

இன்று ரஞ்சிதா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அன்று சிரித்த முகம் இல்லை.

"பொய் ஒண்ணும் சொல்ல வேணாம்மா. அவங்களாதான் ஜாக்கெட்ட கழட்னாங்க, அத்த சொல்லு. என் வூட்டுக்காரரு போட்டோ புடிச்சுது பாரு, அத்த மட்டும் வுட்டுடு."

"அதை விட்டால் மற்றதும் பொய்யாகிவிடும்."

"உனுக்கு இன்னா, மாடில குந்திகினு வேடிக்க பாத்த. அது உள்ள போச்சுன்னா என் ரெண்டு கொயந்தைக்கு யாரு சோறு போடுவா? நீ போடுவியா?"

வாசல்வரை போய்த் திரும்பினாள். "அது குதிச்சி தேடுச்சே, அத்தயாவது பாத்தியா? இல்ல, கண்ணு தெரில?"

பார்த்தேன். அதையும் சொல்வேன். சொன்னால் போதுமா?

நான் எதுக்கு அன்னிக்கு மாடில நின்னேன்? துணி எடுக்கத்தானே போனேன்? எடுத்துட்டு கீழ வந்திருக்கலாம்ல? வந்திருக்கணும். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் — "ப்ரிசி, உள்ளே வா" என்று ஒரு சத்தம் போட்டிருப்பார். நான் போயிருக்க மாட்டேன். அதுவும் தெரியும்.

3 மார்ச், திங்கள்

எப்போதும் என் வாசலில் நிற்கும் மீன்காரம்மா இன்று தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டில் கூடையை இறக்கினாள்.

6 மார்ச், வியாழன்

செங்கல்பட்டில் விசாரணை. உட்காரச் சொன்னார்கள். கான்வென்ட் பழக்கம், நின்றுகொண்டே பதில் சொன்னேன். பட்டையை இழுத்துப் பார்த்ததையும் சொன்னேன், போனை வாங்கியதையும் சொன்னேன், குதித்ததையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "நீங்க யார் தரப்பும்மா?" என்றார். "நான் மாடித் தரப்பு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வெளியே குப்பத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். "இது இன்னாத்துக்கு வந்துச்சு? ரெண்டு வூட்டையும் கெடுக்கவா?" என்றது ஒரு குரல், எனக்குக் கேட்கும்படி.

சம்பத் காருக்குள் இருந்தான். கண்ணாடியை இறக்கவில்லை. வசுமதி முன் இருக்கையில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வந்து சேர்ந்தேன்.

14 மார்ச், வெள்ளி

பூபாலனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. வழக்கு முடியும்வரை சுற்றுலாப் பயணிகளை ஏற்றக் கூடாது. கூலிக்கு வேறொருவர் படகில் மீன் பிடிக்கப் போகிறானாம். ரோஹித்தின் நண்பர்கள் வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டார்கள்: ஜாக்கெட் போட்டிருந்தோம், கழற்றினோம், பயந்து மறைத்தோம் என்று.

நான் சொன்னது சரி என்றாகிவிட்டது. வசுமதி போனை எடுக்கவில்லை.

23 மார்ச், ஞாயிறு

போனை எடுக்கவில்லை.

2 ஏப்ரல், புதன்

வசுமதி தனியாக வந்தாள். வாடகைக் காரை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். விசாரணையைப் பற்றி ஏதோ ஆரம்பிக்கப் போகிறாள் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"அந்தப் போட்டோ எடுத்தப்போ," என்றாள், "ரோஹித் சிரிச்சிட்டிருந்தானா?"

தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அந்தப் பசங்களைக் கேட்டேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவங்க சொல்றதை இனிமே எப்படி நம்புறது? நீ பொய் சொல்ல மாட்டே, ப்ரிசி. எனக்குத் தெரியும். உன்னை விட்டா நான் யாரைக் கேப்பேன்?"

நான் பார்த்தது அவன் முதுகை. வெள்ளைச் சட்டை, தூக்கிய ஒரு கை. அவ்வளவுதான்.

"சிரிச்சான், வசு."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"பல்லு தெரியச் சிரிச்சானா?"

"பல்லு தெரிய" என்றேன்.