குங்குமம் ஒட்டிய பந்து

சனிக்கிழமை, இரவு.

எங்கள் கல்லூரி கோல்ஃப் அணியில் இருப்பதே நான்கு பேர்தான். பந்து வாங்கக் கல்லூரியிடம் காசில்லை. போன வாரம் அவர்களில் ஒருத்தியான கீதாவின் அம்மாவே மகளுக்கு ஒரு பெட்டி வாங்கி, சாமி முன்னால் வைத்து, ஒவ்வொரு பந்துக்கும் குங்குமம் வைத்துக் கொண்டுவந்தார்.

"புதுசா எது வாங்கினாலும் வைக்கிறதுதானே சார்."

இதென்ன, புதுக் காரா? பயிற்சியாளரான நான் மன்னார்க் கத்தோலிக்கன். "ஓம், ஓம்" என்று தலையாட்டிச் சிரித்துவிட்டு, துடைக்கும்படி கீதாவிடம் சொன்னேன். அவள் அரைகுறையாகத்தான் துடைத்திருக்கிறாள்.

இன்று போட்டி முடியும் நேரம், உயர்ந்த புல்லுக்குள் ஒரே மாதிரி இரண்டு பந்துகள் கிடந்தன. தன்னுடையது எதுவென்று காட்டாவிட்டால் கீதாவுக்குத் தண்டனை, எங்களுக்குத் தோல்வி. அவள் குனிந்து பார்த்தாள். ஒரு பந்தின் சின்னப் பள்ளங்களுக்குள் சிவப்பு ஒட்டியிருந்தது.

"திஸ் இஸ் மைன்!"

நடுவர் தலையாட்டினார். எதிரணியைவிட ஒரே ஓர் அடி குறைவாக அடித்து வென்றோம்.

உடனே மற்ற மூவரும் தங்கள் பந்துகளோடு, போட்டி பார்க்க வந்திருந்த அவள் அம்மாவிடம் ஓடினார்கள். "ஆன்ட்டி, மைன் டூ!" அவர் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தார். வரிசையின் கடைசியில் நானும் ஒரு பந்தை நீட்டினேன்.

இப்போது அது மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருக்கிறது. மனைவி இன்னும் பார்க்கவில்லை.