ஷெரீஃபுக்கு வந்த தாள்

வில்லோ பெண்ட்,
3 மார்ச் 1962

அன்புள்ள மாவிஸ்,

நலம். நீயும் உன் அக்காவும் நலம்தானே? நீ பில்லிங்ஸ் போய் இன்றோடு நாற்பது நாள்.

காலைத் தபாலில் ஊராருக்குச் சேர்ப்பிக்க வேண்டிய கோர்ட்டுத் தாள்களோடு உன் விவாகரத்து மனுவும் வந்தது. வழக்கம்போல முத்திரை குத்தினேன். குத்திய பிறகுதான் என் பெயரைப் பார்த்தேன்.

உன் வக்கீல் தொழிலுக்குப் புதுசு போலிருக்கிறது. இந்தக் கவுன்டியில் யார் கதவையும் நான் தட்டலாம், யாரையும் உள்ளே தள்ளலாம். ஆனால் என் மேல் வருகிற தாளை நானோ என் ஆட்களோ தொடக் கூடாது. ஷெரீஃபுக்குத் தாள் கொடுக்க இங்கே ஒரே ஆளுக்குத்தான் அதிகாரம்: பிணங்களைப் பார்த்துச் சாவுக்குக் காரணம் எழுதுகிற கொரோனர். அதாவது, நம் கல்யாணத்தில் மோதிரத்தைத் தொலைத்தானே, அந்த லாய்ட். அதனால் திருப்பி அனுப்புகிறேன். அவன் பெயருக்கு அனுப்பச் சொல். தாமதமானால் உனக்குத்தான் கஷ்டம்.

ஜெயிலில் இப்போது ஏழு பேர். நானேதான் சமைக்கிறேன். குடிகார ஹாங்க் நேற்று என் ஸ்டூவை வாயில் வைத்துவிட்டு, "ஜட்ஜுதான் தண்டனை குடுத்துட்டாரே ஷெரீஃப், நீங்க வேற தனியா எதுக்கு?" என்கிறான்.

என்றும் உன்,
எய்னார்

பில்லிங்ஸ்,
7 மார்ச்

ஷெரீஃப் அவர்களுக்கு,

ஆமாம், ஷெரீஃபுக்குத்தான். புருஷனுக்கு எழுதினாலும் பதில் ஷெரீஃபிடமிருந்துதானே வருகிறது!

பெண்டாட்டி விட்டுப் போகிறேன் என்கிறாள், நீங்கள் விலாசம் திருத்திக் கொடுக்கிறீர்கள். அந்தத் தாளை அடுப்பில் போட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவை சட்டத்தை வளைத்தால் குடியா முழுகிப் போய்விடும்?

எனக்குக் கோபமில்லை எய்னார், களைப்பு. பதினாறு வருஷம் ஜெயில் சுவருக்கு இந்தப் பக்கம் குடித்தனம். எனக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் ஷெரீஃப் பெண்டாட்டிதான் கைதிகளுக்குச் சமைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அந்தப் பக்கம் ஒருவன் அழுதால் இந்தப் பக்கம் நானும் தூங்கவில்லை. ஒவ்வொரு ஷெரீஃப் தேர்தலுக்கும், "இதுதான் கடைசி, மாவிஸ்" என்றீர்கள். நாலு கடைசி ஆயிற்று. ஐந்தாவதுக்கும் பெயர் கொடுத்துவிட்டதைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

லாய்டுக்கு அனுப்பியாயிற்று.

மாவிஸ்

(ஸ்டூவுக்கு மிளகைக் குறையுங்கள். ஹாங்க் வயிற்றுக்கு ஆகாது.)

வில்லோ பெண்ட்,
16 மார்ச்

என் மாவிஸ்,

நேற்றுக் காலை லாய்ட் வந்தான், சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டோடு. தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா."

"வரமாட்டேன். உள்ள வந்து காப்பி குடிச்சா, அப்புறம் குடுக்க மனசு வராது."

"சரி, மத்தியானம் வா," என்றேன்.

அவன் போனதும் ராஜினாமா எழுதிக் கவுன்டி கிளார்க்கிடம் கொடுத்தேன். தேர்தலுக்குக் கொடுத்த பெயரையும் வாபஸ் வாங்கினேன். உனக்குத்தான் தெரியுமே, ஷெரீஃப் இல்லாத ஊரில் கொரோனர்தான் தற்காலிக ஷெரீஃப். மத்தியானம் வந்தவன் கையில் என் சட்டையில் குத்தியிருந்த ஷெரீஃப் நட்சத்திரத்தையும் சாவிக்கொத்தையும் வைத்தேன்.

"அடப்பாவி! எனக்கு பொணந்தாண்டா பழக்கம். உசுரோட இருக்கறவங்கள வச்சு நான் என்ன பண்ணுவேன்?" என்று அலறினான்.

பிறகு நினைவு வந்து தாளை நீட்டினான். "இது ஷெரீஃபுக்கு வந்தது. நான் இப்போ ஷெரீஃப் இல்ல. இது செல்லாது, திருப்பி அனுப்பு," என்றேன். தந்திரம்தான். பதினாறு வருஷத்தில் நான் சட்டத்தை வளைத்தது இந்த ஒரு தடவை. நீ கேட்டாய்.

நீ இல்லாத வீட்டில் நான் எதைக் காவல் காக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, மாவிஸ். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மறுபடி அனுப்புவதானால் அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன். எந்த விலாசத்துக்கு என்றுதான் தெரியவில்லை. இந்த வீடு ஷெரீஃபுக்கு உரியது. அடுத்த சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும்.

உன் எய்னார்

பில்லிங்ஸ்,
19 மார்ச்

எய்னார்,

விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. சனிக்கிழமை பஸ் நாலரைக்கு வரும், நிறுத்தத்தில் நிற்கிறேன்.

அக்கா வீட்டு மாடியில் இரண்டு அறை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான்.

நேற்று இரண்டு பேருக்கு என்று நினைத்துத்தான் சமைத்துப் பார்த்தேன். ஒன்பது பேர் சாப்பிடுகிற அளவு வந்துவிட்டது. கை இன்னும் பழகவில்லை. பசியோடு வாருங்கள்.

உங்கள்,
மாவிஸ்